தூணடியில் அப்பா சொன்ன கதை

ஊரடங்கு என்ற சொல்லை நம் வயதுக்காரர்கள் யாரும் பள்ளிக்கூடத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ரேடியோதான் சொல்லிக்கொடுத்தது. மலாய்க்காரர்களும் சீனர்களும் மோதிக்கொண்ட அந்தக் கலவர வருஷத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் கேலாங்கில் இருந்தவர்கள் ஒன்று சொல்வீர்கள், தேக்காவில் இருந்தவர்கள் வேறொன்று சொல்வீர்கள். நான் தமிழர் வட்டாரமான தேக்காக்காரிதான். ஆனால் எனக்கு அது நடந்தது நகரத்து நடுவில் இருக்கும் அந்த வெள்ளைக்காரக் கிறிஸ்தவக் கோயிலில். திருநீறு பூசிக்கொண்டு பள்ளிக்குப் போன பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். அப்பாவின் வேலை அது.

அப்பா கப்பலில் வரும் சுற்றுப்பயணிகளுக்குக் கார் ஓட்டினார். கறுப்புக் கார். உள்ளே தோலும் பெட்ரோலும் கலந்த வாசம் அடிக்கும். வெயில் நேரத்தில் இருக்கையில் உட்கார்ந்தால் தொடை ஒட்டிக்கொள்ளும். பள்ளி விடுமுறையில் என்னை முன்னால் உட்காரவைத்துக்கொள்வார். சிராங்கூன் ரோட்டுக் கோயில், ஒரு பள்ளிவாசல், கடைசியில் அந்த மாதா கோயில். 'மாதா கோயில்' என்றுதான் எங்கள் தெருவில் சொல்வோம். அங்கே மாதா சிலையே கிடையாது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

எங்கள் கோயிலுக்குள் வந்தால் அந்த வெள்ளைக்காரர்கள் உரக்கப் பேசுவார்கள். மணி அடித்தால் திடுக்கிட்டுச் சிரிப்பார்கள், படம் எடுப்பார்கள், செருப்பைக் கழற்றும்போது ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு தள்ளாடுவார்கள். அதே ஆட்கள் இந்தக் கோயிலுக்குள் நுழைந்ததும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கிசுகிசுப்பார்கள். எனக்கு அது புதிராக இருந்தது. இங்கே சாமி தூங்குகிறதோ என்று நினைத்துக்கொண்டேன். உயரமான வெள்ளைச் சுவர், மெழுகு தேய்த்த பெஞ்சுகளின் வாசம், கண்ணாடி வழியாக வந்து தரையில் சிவப்பும் நீலமுமாகக் கிடக்கும் வெயில். சுவர் நெடுகப் பித்தளைப் பலகைகளும் பளிங்குப் பலகைகளும். அவற்றில் பெயர் பெயராக எழுதியிருக்கும்.

"இவங்கல்லாம் இவங்க சாமியாப்பா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"செத்துப்போன துரைங்கம்மா. சண்டையில செத்தவங்க, காய்ச்சல்ல செத்தவங்க."

செத்துப்போன துரைமார்களைக் கும்பிடுகிற மதம் என்றுதான் கொஞ்ச காலம் நான் கிறிஸ்தவத்தைப் பற்றி நினைத்திருந்தேன். சுவரைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்?

அப்பாவிடம் சுற்றுப்பயணிகளுக்கென்று ஒரு பேச்சு இருந்தது. இந்தக் கோயிலைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து விலங்கு மாட்டிக் கொண்டுவரப்பட்ட கைதிகள் என்பார். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசியது என்பார். உடனே எல்லோரும் சுவரைத் தொட்டுப் பார்ப்பார்கள். அந்த இடத்தில் அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிடும்.

அந்தப் பேச்சு பிடிக்காத ஒருவர் அங்கே இருந்தார். கோயில்பிள்ளை. கோயிலைக் கூட்டி, விளக்கேற்றி, கதவு பூட்டுகிறவரை அப்படித்தான் அழைப்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர், வெள்ளைச் சட்டை, ஒல்லியான உடம்பு, மனைவியோடு கோயிலுக்குப் பின்புறக் குடியிருப்பில் இருந்தார். சுற்றுப்பயணிகள் நகர்ந்ததும் அப்பாவிடம் வருவார்.

"ஏன் தம்பி, முட்டையைப் பத்திப் பேசுதீரு, சர்க்கரையைப் பத்திப் பேசுதீரு. ஆண்டவரைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமோ?"

"அவங்க அதைக் கேக்கலையே அண்ணே."

"கேக்காட்டா சொல்லக் கூடாதா?"

"எனக்குத் தெரிஞ்சதைத்தான் நான் சொல்ல முடியும்."

இருவரும் சிரித்துக்கொண்டுதான் பேசுவார்கள். போகும்போது அவர் மனைவி சுட்ட அச்சுமுறுக்கு எனக்கு வந்து சேரும்.

கலவரம் வெடித்த மாலை எங்கள் தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. இரவெல்லாம் ஊரடங்கு. விடிந்ததும் எடுத்துவிட்டதாக ரேடியோ சொன்னது. கொஞ்ச நேரத்தில் ஓட்டலிலிருந்து ஆள் வந்தான். அப்பா முந்தைய நாள் ஏற்றிச் சுற்றிய ஆங்கிலேயத் தம்பதிக்கு மாலையில் கப்பல். அதற்கு முன் அந்தக் கோயிலைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறார்கள், வர முடியுமா என்று கேட்டான்.

"போகாதீங்க," என்றாள் அம்மா. இடுப்பில் தம்பி இருந்தான். "ஊரே பத்தி எரியுது, கோயில் பாக்கணுமாம்."

"ஊரடங்குதான் எடுத்தாச்சுல்ல. போயிட்டு நேரா ஹார்பர்ல இறக்கி விட்டுட்டு வந்துடுவேன். மதியச் சோத்துக்கு இங்க இருப்பேன்."

"அந்த ஆள் முகத்தப் பாத்தாலே புடிக்கலன்னு நேத்து நீங்கதான் சொன்னீங்க."

"திமிர் புடிச்ச ஆளுதான். அதுக்காக? கப்பலை விட்டுட்டா பாவம்."

அம்மா தம்பியைத் தரையில் இறக்கி விட்டாள். பிறகு என் தலையை அவசரமாக வாரி, கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் காரின் முன்னிருக்கையில் உட்கார வைத்தாள். "இவளையும் கூட்டிட்டுப் போங்க," என்றாள். அப்பா வாயைத் திறந்தார். அம்மா கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தெருவில் அரிசிக் கடைக்கு முன்னால் மட்டும் கூட்டம். மற்றக் கடைகளில் பலகை போட்டிருந்தது. சாலையில் உடைந்த கண்ணாடிப் புட்டிகள். அப்பா வளைந்து வளைந்து ஓட்டினார். சிவப்பு லாரி ஒன்று தலைக்கவசம் போட்ட போலீஸாரோடு எங்களைத் தாண்டிப் போயிற்று. வழக்கமாகப் பாட்டு முணுமுணுப்பவர் அன்றைக்கு ஹாரன்கூட அடிக்கவில்லை.

ஓட்டல் வாசலில் காத்திருந்த அந்த ஆங்கிலேய அம்மாள் பூ வைத்த வைக்கோல் தொப்பி போட்டிருந்தார். கையில் பெரிய தோல் பை. என்னைப் பார்த்ததும் கன்னத்தைத் தொட்டுச் சிரித்தார். அவர் கணவர் கைத்தடியோடு ஏறினார். காலை மடக்க முடியாமல் சிரமப்பட்டார். வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை. அப்பா என்னை ஓரக்கண்ணால் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

கோயில் புல்வெளியில் ஒரே ஓர் ஆள் புல் வெட்டிக்கொண்டிருந்தார். மலாய்க்காரத் தோட்டக்காரர். கேலாங் பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, வருகிறவர். ஊரடங்கு எடுத்ததும் வேலைக்கு வந்துவிட்டார். கறுப்புச் சொங்கோ தொப்பியை நெற்றிக்கு மேலே தள்ளி எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

உள்ளே அப்பா பேச்சைத் தொடங்கினார். அந்த அம்மாள் மட்டும் கேட்டார். கணவர் எங்கள் பக்கமே வராமல் தூண் தூணாகப் போய் நின்று தரையைப் பார்த்தார். பலகைகளைப் பார்க்கவில்லை, வண்ணக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஒரு தூணருகில் நின்றவர் கைத்தடியைப் பெஞ்சில் சாய்த்துவிட்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். பிறகு மல்லாந்து படுத்துக்கொண்டார்.

கோயில்பிள்ளை ஓடி வந்தார். "சார், சார், ப்ளீஸ்..."

அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். தணிந்த குரலில் சொன்னதில் பாதி எனக்குப் புரிந்தது. மீதியை அப்பா பிறகு சொன்னார். ஜப்பான்காரன் குண்டு போட்ட நாட்களில் இந்தக் கோயிலை ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். பெஞ்சுகளை எல்லாம் வெளியே புல்லில் தூக்கிப் போட்டுவிட்டுத் தரையில் ஆட்களைக் கிடத்தினார்கள். அவர் அப்போது சிப்பாய். இந்தத் தூணடியில்தான் கால் பிளந்து கிடந்தார். பிறகு சாங்கியில் ஜப்பான்காரனிடம் சிறை. ஊருக்குத் திரும்பிய பின் கோயில் என்று எதற்குள்ளும் அவர் கால் வைத்ததில்லையாம். இதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

கோயில்பிள்ளை தன் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றார். "அந்தப் பெஞ்சுகளத் தூக்கினவன்ல நானும் ஒருத்தன்," என்று தமிழில் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் வெளியே ஒலிபெருக்கி வண்டி கத்திக்கொண்டு போயிற்று. ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ். நகரத்தில் மறுபடி தாக்குதல், மறுபடி ஊரடங்கு, எல்லோரும் உடனே வீட்டுக்குப் போகவேண்டும். மதியம்கூட ஆகியிருக்கவில்லை. தூரத்தில் யாரோ ஓடுகிற சத்தம், இரும்புக் கதவுகள் இழுபடுகிற சத்தம்.

வாசல் மண்டபத்துக்கு வந்தோம். தோட்டக்காரர் அங்கே நின்றிருந்தார். கைகளில் புல் ஒட்டியிருந்தது. பேருந்து கிடையாது, நடந்தே போகிறேன் என்றார். வீட்டில் மனைவியும் கைக்குழந்தைகளும் தனியாக இருக்கிறார்கள். கோயில்பிள்ளை அவரிடம் மலாயில் உள்ளேயே இருக்கும்படி சொன்னார். அவர் கேட்கவில்லை. அப்பாவின் காரைப் பார்த்தார். வாய் திறந்து கேட்கவில்லை. காரை மட்டும் பார்த்தார்.

அப்பா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

"தம்பி," என்றார் கோயில்பிள்ளை தமிழில், "அவனை ஏத்தாதீரும். பாலத்துக்கிட்ட மறிக்காங்களாம். அவனைப் பாத்தா வண்டியோட கொளுத்திருவானுவ." என்னைக் கைகாட்டினார். "புள்ளை இருக்கு."

 சாவி மட்டும் அப்பாவின் விரல்களுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது.

"அவர்கள் என்ன பேசுகிறார்கள்?" என்று அந்த வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தைகள். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் பள்ளி ஆங்கிலத்தில் சொன்னேன்: இவர் வீட்டுக்குப் போகவேண்டும். இவர் பிள்ளைகள் தனியாக இருக்கிறார்கள். ஏற்றினால் எங்களை அடிப்பார்கள்.

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தலையசைத்தார். கைத்தடியை ஊன்றி நடந்துபோய்க் காரின் பின்கதவைத் தானே திறந்தார். "எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்காரட்டும்," என்றார். அப்பா அப்போதுதான் அசைந்தார்.

அந்த அம்மாள் தோட்டக்காரரின் சொங்கோவை வாங்கித் தன் தோல் பைக்குள் போட்டு மூடினார். அப்பா என்னை முன்னிருக்கைக்குக் கீழே தன் காலடியில் உட்காரச் சொன்னார். காரின் தரைவிரிப்பு மண் வாசம் அடித்தது. 

பாலத்துக்கு முன்னால் மறித்தார்கள். கையில் கட்டையும் இரும்புக் கம்பியும் வைத்திருந்த வாலிபர்கள். எந்த இனத்தவர்கள் என்று இப்போது சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த வாரம் எல்லா முச்சந்தியிலும் யாராவது நின்றார்கள். ஒருவன் கம்பியால் காரின் முன்மூடியில் ஓங்கி அடித்தான். அந்த அதிர்வு என் பல்லுக்குள் வந்தது. நான் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன்.

"ஹாஸ்பிடல்!" என்று கத்தினார் அந்த அம்மாள். "என் கணவருக்கு உடம்பு சரியில்லை!"

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளைக்காரர் கண்ணை மூடித் தோட்டக்காரரின் தோளில் தலையைச் சாய்த்திருந்தார். வாய் பிளந்திருந்தது. தோட்டக்காரர் ஒரு கையால் அவர் நெற்றியைத் தாங்கி, மறு கையால் அவர் சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டிருந்தார். வெகுகாலம் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட ஆள் போலிருந்தது. ஜன்னலுக்குள் நுழைந்த முகம் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தது. தோட்டக்காரர் நிமிரவில்லை. கடைசியில் அந்த முகம் என்னைப் பார்த்தது. பிறகு வெளியே போயிற்று. கம்பியால் காரின் கூரையில் ஒரு தட்டு. அப்பா வண்டியை எடுத்தார்.

கம்பத்து வாசலிலும் ஒரு கூட்டம் நின்றது. அங்கே எங்களைப் பார்த்த பார்வையும் நல்லதாக இல்லை. தோட்டக்காரர் இறங்கி, கையைத் தூக்கி, தொண்டை கிழியப் பேசினார். ஒரு பெண் குழந்தையோடு ஓடி வந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் திரும்பி வந்து ஜன்னல் வழியாக அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்தார். பிறகு திரும்பிக் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

ஹார்பரில் பாஸ்போர்ட் எடுக்கப் பையைத் திறந்த அந்த அம்மாள் தொப்பியைக் கண்டு பதறி என்னிடம் கொடுத்தார். (கலவரம் அடங்கி வேலைக்கு வந்தபோது தோட்டக்காரர் அதை வாங்கிக்கொண்டார். அதற்குள் எங்கள் வீட்டுக் கரப்பான் பூச்சி ஓரத்தைக் கடித்திருந்தது.) வெள்ளைக்காரர் கப்பல் பக்கம் போகும்போது அப்பாவுக்குச் சிப்பாய் மாதிரி ஒரு சல்யூட் வைத்தார். அப்பாவும் வைத்தார். தப்பான கையால்.

போலீஸார் எங்களை ஹார்பரைவிட்டு வெளியே விடவில்லை. மறுநாள் ஊரடங்கு எடுத்த பிறகுதான் வீட்டுக்கு வந்தோம். அம்மா வாசலில் நின்றிருந்தாள். அவள் முகம் வீங்கி அடையாளம் தெரியாமல் இருந்தது. என்னைத் தூக்கவில்லை. அப்பாவின் மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள். "புள்ளை கூட இருந்தா கண்ட எடத்துக்கும் போகாம நேரா வந்துடுவீங்கன்னுதானே அனுப்பினேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். காரில் பிள்ளை இருந்தால் யாரும் அடிக்கமாட்டார்கள் என்று என்னைக் கேடயமாக அனுப்பினாளோ என்று அந்த ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அவளுக்கு என்னைவிட அப்பாவைப் பற்றித்தான் பயம் இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அப்பாவின் பேச்சு மாறிவிட்டது. முட்டை வெள்ளைக்கரு சுருங்கிவிட்டது. எல்லோரையும் நேரே அந்தத் தூணடிக்கு அழைத்துப்போவார். இங்கே ஒரு சிப்பாய் கிடந்தான், பல வருஷம் கழித்துத் திரும்பி வந்தான் என்று ஆரம்பிப்பார். கலவரத்தைச் சொல்வார், தோட்டக்காரரைச் சொல்வார். "இந்தக் கோயிலின் காவல்காரரே அவரைக் கைவிட்டார். ஏற்றாதே என்றார். ஆனால் இந்தத் தரையில் படுத்து எழுந்த மனிதர் கார்க் கதவைத் திறந்தார். கிறிஸ்தவம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் நான் இந்தத் தூணைத்தான் காட்டுவேன்." பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தூணைப் படம் எடுப்பார்கள். தொட்டுப் பார்ப்பார்கள்.

கையில் சாவியோடு தானும் சும்மா நின்றதை அப்பா அந்தக் கதையில் சேர்க்கவில்லை. கோயில்பிள்ளை என்னைக் கைகாட்டியதையும் சேர்க்கவில்லை. வேண்டுமென்றே விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. சொல்லச் சொல்ல அவருக்கு அப்படியே நடந்ததாக ஆகிவிட்டது.

கோயில்பிள்ளை பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டு அங்கேயேதான் இருப்பார். அவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். அப்பா சொல்லி முடிக்கிறவரை துணி ஒரே இடத்தில் போய் வந்துகொண்டிருக்கும். அப்பா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வீட்டில் 'அந்த ஆளு' என்றார். பிறகு அதுவும் இல்லை. அச்சுமுறுக்கு நின்றுபோனதில் எனக்கும் அவர்மேல் கோபம்தான்.

அப்பா இறந்தபோது கோயில்பிள்ளை வந்து வாசலோடு நின்றுவிட்டுப் போனார். அவர் இறந்தபோது எனக்குக் கல்யாணமாகிக் குழந்தைகள் இருந்தார்கள். அம்மா சொன்னதற்காகப் போனேன். அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே பந்தல் போட்டுப் பெட்டியை வைத்திருந்தார்கள். கூட்டத்தில் ஒரு சீன அம்மாள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்கு இவர் எப்படிப் பழக்கம் என்று கேட்டேன். ஆங்கிலமும் மலாயும் கலந்து சொன்னார்.

கலவரத்தில் இரண்டாம் முறை ஊரடங்கு போட்ட அன்று, மதியத்துக்கு முன்னால், அவர் தையல் கடையிலிருந்து வீட்டுக்கு ஓடியிருக்கிறார். பின்னால் ஆட்கள் துரத்தி வந்தார்கள். கோயில் பெரிய கதவுகள் எல்லாம் பூட்டியிருந்தன. பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இவர் நின்றாராம். கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். உள்ளே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். மலாய்க்காரர்கள், சீனர்கள், ஒரு சிங் காவலாளி. துரத்தி வந்தவர்கள் கதவைத் தட்டியபோது இவர் வெளியே போய்த் தன் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே என்ன பேசினார் என்று உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. திரும்பி உள்ளே வந்தபோது காதோரம் ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. ஊரடங்கு எடுக்கும்வரை இவரும் மனைவியும் கஞ்சி காய்ச்சி எல்லோருக்கும் ஊற்றினார்கள்.

"எங்கம்மா ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் இவருக்கு ஆரஞ்சு கொண்டுவந்து கொடுப்பாங்க," என்றார் அந்தச் சீன அம்மாள்.

 எங்கள் கார் அந்த வாசலைவிட்டுக் கிளம்பிய அதே நேரம். நாங்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டோம்.

எழுந்து கோயில்பிள்ளையின் மனைவியிடம் போனேன். என்னைக் கண்டுகொண்டு கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தை, மாமா ஏன் எங்கப்பாகிட்ட இதைச் சொல்லவே இல்ல? எங்கப்பா அவரை வெச்சுக்கிட்டே அத்தனை பேருக்கிட்டயும் அப்படிச் சொன்னாரே."

"நான் கேக்காமலா இருப்பேன்? எத்தனையோ தடவை சண்டை போட்டுருக்கேன்," என்றார் அவர். "ஊர்ஊரா ஒம்ம பேரைக் கெடுக்கானே, போய்ச் சொல்லும்னு."

"என்ன சொன்னார்?"

"'அவனை ஏத்தாதேன்னு நான் சொன்னது நெசந்தானே'ன்னாரு."

அதற்குள் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போதகர் வந்துவிட்டார், ஜெபம் தொடங்கப்போகிறது என்றார்கள். அவர் என் கையை விட்டுவிட்டுப் பெட்டிப் பக்கம் போனார். எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்து நின்றேன்.